இடது உள்ளங்கையில் ஓர் உறுமல்: லேப்டாப்பில் வேகமான ஹார்ட் டிஸ்க் மாட்டப் போகிறவர்களுக்கு

முதல்முறை என் லேப்டாப்பில் இருந்த 5400 ஆர்பிஎம் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு 7200 ஆர்பிஎம் டிஸ்க் ஒன்றை மாட்டியபோது, வேகம் கூடியிருக்கிறதா என்று பார்ப்பதற்குள் வேறொன்று தெரிந்துவிட்டது. இடது உள்ளங்கை படும் இடத்தில் ஓயாத ஒரு நடுக்கம். காதை அருகில் கொண்டுபோனால் அடங்கிய உறுமல். பகலில் அவ்வளவாகத் தெரியாது. இரவில் அறை அடங்கிய பிறகு அது மட்டும்தான் கேட்கும். டிஸ்க்கில்தான் கோளாறு என்று இரண்டு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் மறுபடி திறந்து பார்த்தால், பழைய டிஸ்க்கின் இரு பக்கமும் மாட்டியிருந்த ரப்பர் பட்டைகள் அதிலேயே இருந்தன. அவற்றை உருவிப் புதியதில் பொருத்தியதும் நடுக்கம் முக்கால்வாசி போய்விட்டது.

அதன் பிறகு பல லேப்டாப்புகளில் இந்த வேலையைச் செய்திருக்கிறேன். ஒன்றை உறுதியாகச் சொல்வேன். டிஸ்க் தருவது அதிர்வு. அதைச் சத்தமாக்குவது டிஸ்க்கைப் பிடித்திருக்கும் லேப்டாப்பின் உடல். எந்த டிஸ்க் வாங்கலாம் என்று நாள்கணக்கில் தேடுகிறவர்கள், அதை மாட்டுவதற்கு ஐந்து நிமிடம்தான் ஒதுக்குகிறார்கள். சத்தம் அந்த ஐந்து நிமிடத்தில்தான் உள்ளே நுழைகிறது.

வேகம் கூடினால் சத்தம் ஏன் கூடுகிறது

5400 ஆர்பிஎம் என்றால் உள்ளே இருக்கும் தட்டு நிமிடத்துக்கு 5400 முறை சுற்றுகிறது. நொடிக்கு 90 சுற்று. 7200 ஆர்பிஎம்முக்கு நொடிக்கு 120 சுற்று. எந்தத் தட்டையும் துளிகூடப் பிசகாமல் சமனிட முடியாது; மிச்சமிருக்கும் சின்னப் பிசகுதான் ஒவ்வொரு சுற்றிலும் டிஸ்க்கை ஒரு தடவை உலுக்குகிறது. அந்த உலுக்கலின் விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது, ஆனால் அதே பிசகு தரும் விசை கிட்டத்தட்ட 1.8 மடங்காகிவிடும்.

இன்னொரு காரணம் நம் காது. தாழ்ந்த ஒலிகளை அது சரியாகக் கேட்பதில்லை. 90 ஹெர்ட்ஸை விட 120 ஹெர்ட்ஸ் அதற்கு எளிதாகப் பிடிபடும். ஆகவே இரண்டு டிஸ்க்கும் ஒரே அளவு அதிர்ந்தால்கூட வேகமானது உரக்கக் கேட்பதாகத் தோன்றும். சங்கீதம் பழகியவர்களுக்கு இதை இப்படிச் சொல்லலாம்: பழைய டிஸ்க்கின் சுருதியை ஸட்ஜம் என்று வைத்துக்கொண்டால், புதியது சரியாகச் சுத்த மத்யமத்தில் நிற்கிறது. இரண்டுக்கும் உள்ள விகிதம் 4-க்கு 3. காது பழகியவர்கள் எந்த டிஸ்க் உள்ளே ஓடுகிறது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம்.

வீணையில் தந்தியை மட்டும் தனியாக இழுத்துக் கட்டி மீட்டினால் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது. குடம் சேர்ந்தால்தான் நாதம். லேப்டாப்பில் தந்தியின் வேலையை டிஸ்க் செய்கிறது, குடத்தின் வேலையைக் கை வைக்கும் மெல்லிய பிளாஸ்டிக் பலகையும், அடிமூடியும், சில சமயம் மேசையும் செய்கின்றன. இனி வரும் படிகள் எல்லாமே தந்திக்கும் குடத்துக்கும் இடையே உள்ள தொடர்பைத் தளர்த்துவதைப் பற்றியவைதான்.

வாங்குவதற்கு முன்

முதலில் ஒரு கேள்வியை நேராகக் கேட்டுக்கொள்ளுங்கள்: உங்களுக்கு உண்மையிலேயே வேகமான ஹார்ட் டிஸ்க் வேண்டுமா, எஸ்எஸ்டி (சுற்றும் தட்டுக்குப் பதிலாகச் சிப்புகளில் தரவைச் சேமிப்பது) போதுமா? தட்டு சுற்றி வருவதற்காகக் காத்திருக்கும் சராசரி நேரம் 5400-இல் சுமார் 5.6 மில்லி நொடி, 7200-இல் சுமார் 4.2 மில்லி நொடி. அதோடு ஹெட், அதாவது தட்டின் மேல் நகர்ந்து தரவைப் படித்து எழுதும் முனை, நகரும் நேரமும் சேரும். எஸ்எஸ்டியில் மொத்தமே ஒரு மில்லி நொடியில் பத்தில் ஒரு பங்கு அளவுதான், சுற்றும் பாகம் எதுவும் இல்லாததால் அதிர்வும் இல்லை. லேப்டாப் சீக்கிரம் திறக்க வேண்டும், நிரல்கள் சட்டென்று வர வேண்டும் என்பதுதான் நோக்கம் என்றால் எஸ்எஸ்டியை வாங்குங்கள், இந்தக் கட்டுரையின் மீதி உங்களுக்குத் தேவைப்படாது. பெரிய கொள்ளளவு வேண்டும், வீடியோவும் படங்களும் நிறையச் சேர்க்க வேண்டும், அல்லது கையில் ஏற்கெனவே ஒரு நல்ல 7200 டிஸ்க் இருக்கிறது என்றால் மேலே படியுங்கள்.

அடுத்தது தடிமன். லேப்டாப்புக்கான 2.5 அங்குல டிஸ்க்குகள் பெரும்பாலும் 7 மில்லிமீட்டர் அல்லது 9.5 மில்லிமீட்டர் தடிமனில் வரும். அதிகக் கொள்ளளவு கொண்ட சில 12.5-ம் 15-ம் இருக்கும். அவை பெரும்பாலான லேப்டாப்புகளுக்குள் போகவே போகாது. 9.5 இடத்தில் 7 மில்லிமீட்டர் டிஸ்க் தாராளமாக உட்காரும், ஆனால் மீதி 2.5 மில்லிமீட்டர் இடைவெளியை நிரப்ப ஒரு பிளாஸ்டிக் சட்டம் வேண்டும். அது இல்லாமல் மாட்டினால் டிஸ்க் மேலும் கீழும் ஆடும், அந்த ஆட்டத்தின் பாரம் முழுவதும் கனெக்டர் மேல் விழும்.

விவரக் குறிப்பில் ஒலி அளவையும் பாருங்கள். நிறுவனங்கள் இதைச் சில சமயம் டெசிபெல்லிலும் சில சமயம் பெல்லிலும் கொடுக்கும். ஒரு பெல் என்பது 10 டெசிபெல். புதியவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்: ஒன்றில் 2.3, இன்னொன்றில் 2.6 என்று இருந்தால் பெரிய வித்தியாசம் இல்லாததுபோல் தெரியும். அந்த 0.3 பெல் என்பது 3 டெசிபெல், அதாவது வெளிவரும் ஒலியின் ஆற்றல் இரண்டு மடங்கு. சும்மா சுற்றும்போது எவ்வளவு, ஹெட் நகர்ந்து தரவைத் தேடும்போது எவ்வளவு என்று இரண்டு எண்கள் இருக்கும். உறுமல் பிடிக்காதவர்கள் முதல் எண்ணையும், கரகரப்பு பிடிக்காதவர்கள் இரண்டாவதையும் கவனிக்க வேண்டும்.

கூடவே எத்தனை தட்டுகள் என்று தெரிந்தால் நல்லது. ஒரே கொள்ளளவில் ஒரு தட்டு உள்ளதும் இரண்டு தட்டு உள்ளதும் கிடைத்தால், நான் ஒரு தட்டு உள்ளதைத்தான் எடுப்பேன். சுற்றும் எடை குறைவு, நகரும் ஹெட்டுகளும் குறைவு.

பழைய சத்தத்தைப் பதிவு செய்யுங்கள்

இதை யாரும் செய்வதில்லை. எல்லாவற்றையும் விட இதுதான் பின்னால் உதவும். பழைய டிஸ்க் இன்னும் உள்ளே இருக்கும்போதே, அறையை அமைதியாக்கி, லேப்டாப் சும்மா இருக்கும் நேரத்தில், உங்கள் தலை வழக்கமாக இருக்கும் இடத்தில் போனை வைத்து 30 நொடி பதிவு செய்யுங்கள். பிறகு போனைக் கை வைக்கும் பலகையின் மேலேயே வைத்து இன்னொரு 30 நொடி. புதியதை மாட்டிய பின் அதே இடத்தில் அதே போல் பதிவு செய்தால், "முன்னாடி இப்படி இல்லையே" என்ற சந்தேகத்துக்குப் பதில் கிடைத்துவிடும். நினைவை மட்டும் நம்பினால் புதிய சத்தம் எப்போதும் பெரிதாகத்தான் தோன்றும்.

போனில் ஒலியை அலைவெண் வாரியாகப் பிரித்துக் காட்டும் செயலி ஒன்று இருந்தால் இன்னும் நல்லது. 90 அல்லது 120 ஹெர்ட்ஸ் இடத்தில் ஒரு கூரிய முனை தெரிந்தால் அது டிஸ்க்தான். ஒரு எச்சரிக்கை: 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள நாடுகளில் சார்ஜரும் மின்கருவிகளும் அதே 120 ஹெர்ட்ஸில் முனகும். 50 ஹெர்ட்ஸ் உள்ள இடங்களில் அந்த முனகல் 100-இல் விழும். ஆகவே பதிவு செய்யும்போது சார்ஜரைக் கழற்றி, பேட்டரியில் ஓட விடுங்கள்.

குளோன் செய்யும்போதே ஒரு பரிசோதனை

பேக்கப் எடுத்துவிட்டீர்களா? எடுக்காமல் அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

பழைய டிஸ்க்கில் இருப்பதை அப்படியே புதியதற்கு நகலெடுக்க க்ளோன்ஜில்லா போன்ற இலவச நிரல்கள் இருக்கின்றன. புதிய டிஸ்க்கை யுஎஸ்பி-சாட்டா அடாப்டர் (சாட்டா என்பது டிஸ்க்கின் இணைப்பு வகை) வழியாக இணைத்துச் செய்வதுதான் வழக்கம். இணைத்ததும் டிஸ்க் "விர்ர்" என்று எழும்பி, "டக்" என்று நின்று, மறுபடி எழும்பி நின்றால் பதறாதீர்கள். பெரும்பாலும் அது மின்சாரப் பற்றாக்குறை. இந்த டிஸ்க்குகள் சுற்றத் தொடங்கும் அந்த ஓரிரு நொடியில் 1 ஆம்பியர் வரை இழுக்கும், யுஎஸ்பி 2.0 போர்ட் தருவதாக ஒப்புக்கொள்வது 0.5 ஆம்பியர், யுஎஸ்பி 3.0 தருவது 0.9. வேறு போர்ட்டில் செருகுங்கள், அல்லது தனி மின் இணைப்புள்ள அடாப்டர் பயன்படுத்துங்கள். நல்ல டிஸ்க் ஒன்றைக் "கெட்டுப்போனது" என்று திருப்பி அனுப்ப இருந்த நண்பர் ஒருவருக்கு இந்த ஒரு மாற்றமே போதுமானதாக இருந்தது.

டிஸ்க் வெளியே ஓடிக்கொண்டிருக்கும் இந்த நேரம் அரிய வாய்ப்பு. முதலில் அதை ஒரு தடித்த பஞ்சுத் (ஃபோம்) துண்டின் மேலோ மடித்த துணியின் மேலோ வைத்து நகலெடுக்க விடுங்கள். எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று கேளுங்கள். வேலை முடிந்து, டிஸ்க்கை நிறுத்தி, பிறகு வெறும் மர மேசையின் மேல் வைத்து மறுபடி இணையுங்கள். மேசையே முனக ஆரம்பிக்கும். டிஸ்க் அதேதான், மாறியது அது உட்கார்ந்திருக்கும் இடம் மட்டுமே. பஞ்சின் மேல் இருக்கும்போதும் கீச்சென்றோ அரைப்பது போலவோ கேட்டால் மட்டும் டிஸ்க்கைச் சந்தேகப்படுங்கள். அதை லேப்டாப்புக்குள் மாட்டாமலே மாற்றிவிடுவது நல்லது. ஒன்று மட்டும் கவனம்: தட்டு சுற்றிக்கொண்டிருக்கும்போது டிஸ்க்கைக் கையில் எடுத்துத் திருப்பக் கூடாது. துணியால் சுற்றி மூடவும் கூடாது, சூடேறிவிடும்.

மாட்டும் முறை

சார்ஜரைக் கழற்றுங்கள். பேட்டரி வெளியே எடுக்கக்கூடியது என்றால் எடுத்துவிடுங்கள். உள்ளேயே இருப்பது என்றால் அடிமூடியைத் திறந்ததும் முதல் வேலையாக அதன் கனெக்டரைப் பிரியுங்கள். பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை வெளியேற்றுங்கள். ஏதாவது உலோகத்தைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

இப்போது பழைய டிஸ்க்கை எடுப்பதற்கு முன் ஒரு போட்டோ எடுங்கள். அவசரப்படாமல் பாருங்கள்: அதைச் சுற்றி என்னென்ன இருக்கிறது? பக்கவாட்டில் ரப்பர் பட்டை, மூலைகளில் ரப்பர் குமிழ், ஸ்க்ரூ துளைகளில் சின்ன ரப்பர் வளையம், மேலே ஒட்டிய பஞ்சு, அடிமூடியின் உட்புறத்தில் ஒட்டிய மெல்லிய பட்டை, டிஸ்க்கைத் தாங்கும் உலோகச் சட்டம் (கேடி). இவற்றில் எதுவும் அலங்காரத்துக்கு வைத்ததில்லை. ஒவ்வொன்றையும் புதியதற்கு அதே இடத்தில் மாற்ற வேண்டும். ரப்பர் இறுகி, விரிசல் விட்டிருந்தால் அது தன் வேலையை நிறுத்தி வெகுநாளாகிவிட்டது. அதே தடிமனில் மென்மையான ரப்பர் வாங்கி மாற்றுங்கள்.

டிஸ்க்கை எப்போதும் ஓரங்களில் பிடியுங்கள். மேல்மூடியின் நடுவில் அழுத்த வேண்டாம், அதற்கு நேர் கீழேதான் தட்டு இருக்கிறது. மேல்மூடியில் ஒரு சிறு துளையும், அதன் அருகில் மூடக் கூடாது என்ற குறிப்பும் இருக்கும். உள்ளே வெளியே காற்றழுத்தம் சமமாக அந்தத் துளை தேவை. சத்தத்தைக் குறைக்கிறேன் என்று அதன் மேல் பஞ்சு அல்லது டேப் ஒட்டிவிடாதீர்கள்.

ஸ்க்ரூ விஷயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். இந்த டிஸ்க்குகளுக்கு எம்3 அளவுள்ள, நீளம் குறைந்த ஸ்க்ரூக்கள். பழையதில் இருந்தவற்றையே பயன்படுத்துங்கள். வேறு இடத்திலிருந்து எடுத்த நீளமான ஸ்க்ரூவைத் திருகினால் உள்ளே இருப்பதைக் குத்திவிடும். நான்கையும் முதலில் பாதி வரை மட்டும் திருகுங்கள். பிறகு குறுக்குமறுக்காக, ஒரு மூலை, அதற்கு எதிர்மூலை என்று இறுக்குங்கள். எவ்வளவு இறுக்கம்? ஸ்க்ரூ நின்ற பிறகு விரல் நுனியால் இன்னும் ஒரு சிறு திருப்பு, அவ்வளவுதான். தளர்வாக இருந்தால் "டர்ர்" என்று அதிரும். மிகவும் இறுக்கினால் அலுமினியத்தில் மரை போய்விடும், கேடியும் கோணிக்கொள்ளும். ரப்பர் வளையம் உள்ள துளையில் ரப்பரை நசுக்கும் அளவுக்கு முறுக்கினால், ரப்பர் இருந்தும் இல்லாதது போலத்தான். அதிர்வு ஸ்க்ரூ வழியாக நேராக உடலுக்குப் போய்விடும். மூன்று ஸ்க்ரூ போதும் என்று விட்டுவிடுவதும் வேண்டாம். நான் பார்த்த மோசமான உறுமல்களில் ஒன்று, விடுபட்ட ஒரே ஒரு ஸ்க்ரூவால் வந்தது.

கனெக்டரை நேராகத் தள்ளிச் செருகுங்கள். மூடியைப் போடுவதற்கு முன், டிஸ்க்கை விரலால் மெதுவாக அசைத்துப் பாருங்கள். ரப்பரின் மேல் லேசாக மிதப்பது போல இருந்தால் சரி. கடகடவென்று ஆடினாலும் சரியில்லை, கல் மாதிரி அசையாமல் நின்றாலும் சரியில்லை. டிஸ்க் உலோகச் சுவரையோ மூடியையோ எங்கேயாவது நேரடியாகத் தொடுகிறதா என்றும் பாருங்கள். ஒரே ஒரு இடத்தில் தொட்டால்கூட மற்ற எல்லா ரப்பரும் வீண்.

டிவிடி டிரைவை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கேடி போட்டு இரண்டாவது டிஸ்க் வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தக் கேடிகள் பெரும்பாலும் மெல்லிய தகடு, ரப்பர் எதுவும் இருக்காது. எஸ்எஸ்டியும் ஹார்ட் டிஸ்க்கும் சேர்த்து வைப்பதானால், ஹார்ட் டிஸ்க்கை அதற்கென்று ரப்பரோடு அமைத்த முதல் இடத்திலேயே விட்டுவிட்டு, எஸ்எஸ்டியைக் கேடிக்கு அனுப்புவதுதான் சத்தத்துக்கு நல்லது. சில லேப்டாப்புகளில் கேடி இருக்கும் சாட்டா இணைப்பு வேகம் குறைந்ததாக இருக்கும். அப்படி என்றால் எது முக்கியம் என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். இரண்டு ஹார்ட் டிஸ்க் வைத்தால் இன்னொரு தொல்லையும் சேரும். இரண்டும் 7200 என்றாலும் அச்சுப் பிசகாமல் ஒரே வேகத்தில் சுற்றாது. அந்த நூலிழை வித்தியாசத்தால் உறுமல் ஏறியும் இறங்கியும், "ஊம்... ஊம்..." என்று சில நொடிக்கு ஒரு முறை வீங்கும். தொடர்ந்து வரும் உறுமலை விட அது அதிகமாகத் தலையைக் குடையும்.

முதல் இரண்டு நாள்

மாட்டிய அன்றே முடிவு கட்டாதீர்கள். புதிய டிஸ்க்கைக் கண்டதும் விண்டோஸின் தேடல் அட்டவணை, மேக்கின் ஸ்பாட்லைட், வைரஸ் தடுப்பு நிரல் எல்லாம் ஒன்றாக வேலையைத் தொடங்கும். நீங்கள் எதையும் தொடாமலே மணிக்கணக்கில் கரகரக்கும். ஓய்ந்த பிறகு பதிவு செய்து பழையதோடு ஒப்பிடுங்கள்.

கேட்பது எந்தச் சத்தம்

காதைத் தீட்டிக்கொள்ளும் இடம் இது. ஒரே மாதிரி, ஏற்ற இறக்கம் இல்லாத உறுமல் என்றால் அது சுழற்சி. வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும் அது மாறாது. வேலை கூடும்போது மெல்ல உயர்ந்து, பிறகு மெல்லத் தணிகிற "உஸ்ஸ்" சத்தம் விசிறியுடையது. இதை டிஸ்க் மேல் போடாதீர்கள். ஃபைல் திறக்கும்போது மட்டும் வரும் பொடிப்பொடியான கரகரப்பு ஹெட் நகரும் சத்தம். 7200 டிஸ்க்குகளில் ஹெட் சற்று வேகமாகத் தாவுவதால் கரகரப்பும் கொஞ்சம் கூர்மையாக இருக்கும். அது இயல்பு.

பவர் பட்டனை அழுத்திப் பிடித்துத் திடீரென்று அணைத்தால் "டக்" என்று ஒரு பலத்த சத்தம் வரும். மின்சாரம் போனதும் ஹெட் அவசரமாகத் தன் இடத்துக்கு ஓடும் சத்தம் அது. அடிக்கடி அப்படி அணைக்காமல் இருந்தால் போதும். லேப்டாப்பைத் தூக்கும்போது மட்டும் "டிக்" என்றால், ஆட்டத்தை உணரும் சென்சார் ஹெட்டை ஒதுக்கி நிறுத்துகிறது என்று பொருள். 2003-இல் ஐபிஎம் தன் திங்க்பேடுகளில் இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. பிறகு பல லேப்டாப்புகளிலும் சில டிஸ்க்குகளுக்குள்ளேயும் வந்துவிட்டது.

சில நொடிக்கு ஒரு முறை, லேப்டாப் சும்மா இருக்கும்போதே வரும் மெல்லிய "டிக்" வேறு கதை. மின்சாரத்தைச் சேமிக்க டிஸ்க் தன் ஹெட்டை ஒதுக்கி வைக்கிறது, உடனே ஏதோ ஒரு நிரல் எதையோ கேட்க, மறுபடி எடுக்கிறது. இது காதுக்கு மட்டுமான தொல்லை இல்லை. பல லேப்டாப் டிஸ்க்குகள் இப்படி 6 லட்சம் முறை வரை தாங்கும் என்ற கணக்கில் செய்யப்படுகின்றன. 10 நொடிக்கு ஒரு முறை என்றால் மணிக்கு 360. நாளுக்கு 8 மணி நேரம் ஓடினால் 2880. ஏழு மாதத்தில் 6 லட்சம் தீர்ந்துவிடும். இதைத் திருத்தும் வழி கீழே இருக்கிறது.

உண்மையில் பயப்பட வேண்டியது ஒழுங்கான இடைவெளியில் வரும் உரத்த "டக்... டக்... டக்", அதோடு லேப்டாப் உறைந்து போவது. உலோகம் உரசுவது போன்ற கீச்சும் அப்படித்தான். இவை வந்தால் வேறு எதையும் ஆராய வேண்டாம். முதலில் ஃபைல்களை வெளியே எடுங்கள்.

மென்பொருளால் செய்யக்கூடியவை

டிஸ்க்கின் நிலையைப் பார்க்கவும் அமைப்புகளை மாற்றவும் விண்டோஸில் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ, லினக்ஸில் எச்டிபார்ம், ஸ்மார்ட்சிடிஎல் ஆகிய நிரல்கள் இலவசமாகக் கிடைக்கும். இரண்டு அமைப்புகளைத் தெரிந்துகொண்டால் போதும்.

ஒன்று ஏஏஎம். ஹெட் எவ்வளவு வேகமாகத் தாவலாம் என்பதை இது கட்டுப்படுத்தும். மதிப்பு 128 என்றால் அமைதி, 254 என்றால் வேகம். குறைத்தால் கரகரப்பு மென்மையாகும், தேடும் நேரம் கொஞ்சம் கூடும். உறுமலை இது தொடவே தொடாது, ஏனென்றால் சுழற்சி வேகம் மாறுவதில்லை. பிற்காலத்தில் வந்த பல டிஸ்க்குகளில் இந்த வசதியே இல்லை.

இன்னொன்று ஏபிஎம். மேலே சொன்ன "டிக்" தொல்லைக்கு இதுதான் மருந்து. மதிப்பு 1 முதல் 254 வரை. 127-ம் அதற்குக் கீழும் என்றால் டிஸ்க் சுற்றுவதையே நிறுத்தவும் அனுமதி உண்டு. 254-க்கு உயர்த்தினால் ஹெட்டை அடிக்கடி ஒதுக்குவது பெரும்பாலும் நின்றுவிடும். ஹெட் எப்போதும் தட்டின் மேல் இருக்கும் என்பதால், அதன் பிறகு லேப்டாப்பை ஓடும் நிலையில் தூக்கிக்கொண்டு நடக்காதீர்கள். ஸ்லீப்பில் போட்டுவிட்டு எடுங்கள். இந்த அமைப்பு அணைத்துத் திறக்கும்போதும், சில சமயம் ஸ்லீப்பிலிருந்து எழும்போதும் மறந்துபோகும். டெபியன், உபுண்டு போன்றவற்றில் எச்டிபார்மின் அமைப்புக் கோப்பில் எழுதிவைக்கலாம். விண்டோஸில் தொடக்கத்தில் தானாக ஓடும்படி வைக்க வேண்டும்.

டிஸ்க்கைத் தயாரித்த நிறுவனம் ஃபர்ம்வேர் (டிஸ்க்குக்குள்ளேயே இருந்து அதை இயக்கும் நிரல்) அப்டேட் எதுவும் வெளியிட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். 2009 ஜூனில் வந்த மேக்புக் ப்ரோக்களில் 7200 ஆர்பிஎம் டிஸ்க் இருந்தவற்றில் அவ்வப்போது எழுந்த ஒரு சத்தத்துக்காகவே ஆப்பிள் அப்படி ஓர் அப்டேட்டை வெளியிட்டது. ஆனால் பேக்கப் இல்லாமல் ஃபர்ம்வேரைத் தொடாதீர்கள்.

உறுமல் இன்னும் அடங்கவில்லை என்றால்

லேப்டாப்பை இரு கையாலும் மேசையிலிருந்து ஓரங்குலம் மெதுவாக உயர்த்துங்கள். சத்தம் சட்டென்று குறைந்தால் குடம் உங்கள் மேசை. அடியில் உள்ள ரப்பர் கால்களைப் பாருங்கள், ஒன்று விழுந்திருக்கும் அல்லது தேய்ந்திருக்கும். புதிது ஒட்டுங்கள், அல்லது நான்கு கால்களுக்கு அடியில் மட்டும் மௌஸ் பேடிலிருந்து வெட்டிய துண்டுகளை வையுங்கள். முழு லேப்டாப்பையும் துணி மேல் வைத்தால் காற்றோட்டம் அடைபட்டு விசிறி அலற ஆரம்பிக்கும்.

உயர்த்தியும் குறையவில்லை என்றால் கை வைக்கும் பலகையை வெவ்வேறு இடங்களில் விரலால் அழுத்திப் பாருங்கள். ஓரிடத்தில் அழுத்தும்போது சத்தம் நிற்கும். அந்த இடம்தான் டிஸ்க்கோடு சேர்ந்து பாடுகிறது. அடிமூடியைத் திறந்து, அதற்கு நேரான இடத்தில் டிஸ்க்குக்கும் பலகைக்கும் இடையே மெல்லிய பஞ்சுப் பட்டையோ ஃபெல்ட் துண்டோ ஒட்டுங்கள். தொட்டுக்கொண்டிருந்தால் போதும், திணிக்கக் கூடாது. டிஸ்க்கைச் சுற்றிலும் பஞ்சை அடைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். சத்தம் குறையும், சூடு ஏறும். இந்த டிஸ்க்குகளுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் மேல் வரம்பு 60 டிகிரி செல்சியஸ். நான் 50-ஐத் தாண்டினாலே பஞ்சைக் குறைப்பேன். வெப்பநிலையை அதே கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ காட்டும்.

இத்தனையும் செய்து, ஸ்க்ரூவும் ரப்பரும் சரியாக இருந்து, பஞ்சின் மேல் வைத்தபோதே பலமாக அதிர்ந்த டிஸ்க் என்றால், அந்த ஒன்றின் சமநிலைதான் மோசம். ஒரே மாடலில் ஒன்றுக்கொன்று இந்த வித்தியாசம் உண்டு. திருப்பிக் கொடுக்கும் காலக்கெடு முடிவதற்குள் மாற்றிக்கொள்ளுங்கள்; எடுத்து வைத்த பதிவுகள் அப்போது கைகொடுக்கும். மாடல் முழுவதுமே உங்கள் காதுக்கு ஒத்துவரவில்லை என்றால் 5400-க்குத் திரும்புவதில் குறை ஒன்றும் இல்லை. தரவு நெருக்கமாக எழுதப்பட்ட புதிய 5400 டிஸ்க், பெரிய ஃபைல்களைத் தொடர்ச்சியாகப் படிப்பதில் சில பழைய 7200 டிஸ்க்குகளுக்கு ஈடுகொடுக்கும்.

ஒரு வாரம் கழித்து

ஸ்மார்ட் பட்டியலை, அதாவது டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் பட்டியலைத் திறந்து, இந்த நான்கு வரிசை எண்களுக்கு நேரே உள்ள மதிப்புகளைக் குறித்து வையுங்கள்: 5, 193, 194, 197. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் இவை 05, சி1, சி2, சி5 என்று தெரியும். 5 என்பது கெட்டுப்போனதால் மாற்றப்பட்ட இடங்களின் கணக்கு, 197 சந்தேகத்துக்குரிய இடங்களின் கணக்கு; இரண்டும் பூஜ்ஜியமாக இருக்க வேண்டும். புதிய டிஸ்க்கில் ஏறத் தொடங்கினால் சத்தம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாற்றிவிடுங்கள். 193 ஹெட்டை ஒதுக்கிய தடவைகளின் கணக்கு; அது ஒரு வாரத்தில் பத்தாயிரக்கணக்கில் ஏறியிருந்தால் ஏபிஎம் அமைப்பு நிலைக்கவில்லை என்று பொருள். 194 வெப்பநிலை. அதுவரை பழைய டிஸ்க்கை அழிக்காமல், அதிர்வு படாத ஓர் இடத்தில் பத்திரமாக வைத்திருங்கள்.